மூலிகைச் சாரம்: சோதனைக்கு முன்பே நடக்கும் தவறுகள்

கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிற ஊர் எங்கள் திருகோணமலை. மூலிகைச் சாரத்தின் நச்சுத்தன்மையைச் சோதிக்க ஆசைப்படும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, கையில் இருப்பது என்ன செடி என்பதைத்தான்.

கீழ்காய்நெல்லிக் கட்டு ஒன்றைப் பிரித்து, கிளையைத் திருப்பிப் பாருங்கள். தண்டு வெளிர்பச்சை, காய் வழுவழுப்பாகச் சிறு காம்பில் தொங்குகிறது என்றால் சரி. தண்டில் சிவப்பு ஓடி, காய் சொரசொரவென்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது வேறு இனம். இரண்டையும் சேர்த்து அரைத்துவிட்டால் அப்புறம் எந்தக் கருவியும் உதவாது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியக் கொடுத்த மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக ஆடுதின்னாப்பாளைப் பேரினத்துச் செடி கலந்துபோனது. நூற்றுக்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானது. ஆகவே, அரைக்குமுன் ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, தாவரவியலாளரிடம் காட்டிப் பெயரை உறுதிசெய்து, அந்த மாதிரியைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது, சனங்கள் தண்ணீரில் அவித்துக் குடிப்பதை மெதனோல் என்ற கரைப்பானில் ஊறவைத்துச் சோதிப்பது. கரைப்பான் மாறினால் இறங்கும் பொருளும் மாறும். அதோடு, மெதனோல் முழுதாக ஆவியாகாமல் மிஞ்சினால் அதுவே நஞ்சு.

செலவு குறைவென்று பலர் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சுகளில் தொடங்குவார்கள். நல்லதுதான். சாரம் கலந்த உப்புநீரில் 24 மணி நேரத்தில் எத்தனை செத்தன என்று எண்ணினால் போதும். ஆனால் கடல் பக்கத்தில்தானே என்று கொட்டியாரக் குடாவில் ஒரு வாளி அள்ளி வராதீர்கள். மகாவலி ஆறு வந்து விழும் இடம் அது; மாரியில் உப்பு இறங்கிவிடும். ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் கடலுப்பு கலந்து நீங்களே தயாரியுங்கள். சாரம் சேராத, கரைப்பான் மட்டும் சேர்த்த சோதனைக் குழாய் ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். அதிலும் குஞ்சுகள் செத்தால் குற்றம் மூலிகையில் இல்லை.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது கடைசித் தவறு. எலிக்கு ஒரே தடவை, கிலோ எடைக்கு 2000 மில்லிகிராம் கொடுத்து, 14 நாள் பார்த்து, சாகவில்லை என்றதும் "பாதுகாப்பானது" என்று எழுதிவிடுகிறார்கள். பெல்ஜியத்தில் பழுது வந்தது மாதக்கணக்காக விழுங்கியவர்களுக்கு. தினமும் குடிக்கும் மருந்தென்றால் 28 நாள், 90 நாள் சோதனையும், ஈரல், சிறுநீரகத் திசுக்களை நுணுக்குக்காட்டியில் பார்ப்பதும் வேண்டும். இன்சுலின் ஏற்றுகிறவர் பாகற்சாறும் சேர்த்துக் குடித்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். சாரத்தை மட்டும் கொடுத்த எலி அதைக் காட்டாது.