சியாட்டில் நெரிசலைத் தவிர்த்து வடக்கே செல்ல: ஆர்.வி. ஓட்டிகளுக்கு ஒரு பெர்ரி வழி

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலிருந்து ஆர்.வி.யில், அதாவது தங்கும் வசதி கொண்ட வீட்டு வண்டியில் கிளம்பி, வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமுக்கோ கனடா எல்லைக்கோ செல்பவர்களை, ஐ-5 நெடுஞ்சாலை டகோமா, சியாட்டில், எவரெட் ஆகிய மூன்று நகரங்களின் ஊடாகவே கொண்டு செல்கிறது. நீளமான வண்டியுடன் மாலை நேரத்தில் அங்கு மாட்டிக்கொண்டால், தடம் மாற இடம் கிடைப்பதே பெரும்பாடு. அந்த நகரங்களுக்கு மேற்கே, ஹூட் கனால் என்னும் நீண்ட கடற்கழியை ஒட்டிச் சென்று, போர்ட் டவுன்சென்டில் பெர்ரி எனப்படும் வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகில் ஏறி, விட்பி தீவின் வழியாக மீண்டும் ஐ-5ஐ அடையும் பாதை ஒன்று இருக்கிறது. பெரிய வண்டிக்கும் ஏற்ற வழி அது.

இந்தப் பாதை வேகமானது அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சாலை காலியாக இருந்தால், இந்த வழி பிரியும் ஒலிம்பியாவிலிருந்து அது மீண்டும் சேரும் பர்லிங்டனுக்கு ஐ-5இல் சுமார் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். பெர்ரி வழிக்குக் காத்திருப்பையும் சேர்த்து ஐந்து மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஞாயிறு விடியற்காலையில் சியாட்டிலைக் கடக்க முடிந்தவர்களுக்கு ஐ-5 போதும். ஆனால் வெள்ளிக்கிழமைப் பிற்பகலில், எங்கே எவ்வளவு நேரம் நிற்போம் என்று தெரியாமல் நகர்வதைக் காட்டிலும், புறப்படும் நேரம் முன்கூட்டியே தெரிந்த ஒரு படகை நம்பி நாளைத் திட்டமிடுவது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்த வழியில் முதலில் முடிவு செய்ய வேண்டியது கிளம்பும் நேரமன்று, படகின் நேரம். மற்றவற்றையெல்லாம் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

படகில் இடம் பதிவதற்கு முன் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். வாஷிங்டன் மாநில பெர்ரி நிறுவனம் வண்டியின் நீளத்தைக் கொண்டே கட்டணம் வசூலிக்கிறது. 22 அடிக்கு உட்பட்டவை சாதாரண வண்டிகள். அதற்கு மேல் 30 அடிக்குள், 40 அடிக்குள் என்று கட்டணப் படிகள் ஏறிக்கொண்டே போகும். 22 முதல் 30 அடி வரையிலான வண்டிகளுக்கு உயரமும் கணக்கில் வரும். 7 அடி 2 அங்குலத்தைத் தாண்டினால் கட்டணம் கூடும் என்பதால், ஏறக்குறைய எல்லா ஆர்.வி.களும் இந்தக் கூடுதல் கட்டணத்துக்குள் வந்துவிடுகின்றன. வண்டி வாங்கியபோது தாளில் எழுதியிருந்த நீளத்தை நம்பக் கூடாது. முன் பம்பரின் நுனியிலிருந்து, பின்னால் மாட்டியிருக்கும் சைக்கிள் தாங்கியின் கடைசிக் கம்பி வரை அளக்க வேண்டும். பின்னால் கார் இழுத்துச் செல்பவர்கள் அதன் நீளத்தையும் இணைப்புக் கம்பியின் நீளத்தையும் சேர்க்க வேண்டும். உயரத்தைக் கூரையில் உள்ள ஏ.சி. பெட்டியின் உச்சி வரை அளந்து, ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டிவிடுவது பயணம் முழுவதற்கும் உதவும்.

போர்ட் டவுன்சென்டுக்கும் விட்பி தீவில் உள்ள கூப்வில்லுக்கும் இடையே ஓடும் படகுகள் 64 கார்களை மட்டுமே ஏற்றுபவை. ஓர் ஆர்.வி. அதில் இரண்டு கார்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், முன்பதிவு இல்லாமல் போய் நிற்பது வீண். பதிவுகளை, அந்தப் பருவத்துக்கான படகு அட்டவணை தொடங்குவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், படகு புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், இரண்டு நாட்களுக்கு முன் என்று மூன்று கட்டங்களாகத் திறப்பார்கள். முதற்கட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள் மனம் தளராமல் அடுத்தடுத்த கட்டங்களில் முயல வேண்டும். துறைமுகத்துக்குக் குறைந்தது அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட வேண்டும்; தாமதமானால் பதிவு செய்த இடம் கையை விட்டுப் போகும்.

இனி சாலை. ஒலிம்பியாவில் ஐ-5இன் 104ஆம் வெளியேறும் வழியில் பிரிந்து யு.எஸ். 101 நெடுஞ்சாலையில் ஏறுங்கள். சில மைல்களிலேயே சாலை இரண்டாகப் பிரியும். நேரே செல்வது அபர்டீனுக்குப் போகும் மாநிலச் சாலை 8 என்பதால், ஷெல்டன் என்ற பலகையைப் பார்த்து வடக்கே திரும்ப வேண்டும். ஹூட்ஸ்போர்ட்டிலிருந்து வலப்பக்கம் நீர், இடப்பக்கம் ஒலிம்பிக் மலைச்சரிவு என்று சாலை நெளிந்து செல்லும். ஓரங்கள் குறுகலானவை, வளைவுகளில் உங்கள் வண்டியின் வால் எங்கே போகிறது என்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். இருவழிச் சாலையில், முந்திச் செல்ல வழியில்லாமல் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகள் பின்னால் சேர்ந்துவிட்டால், மெதுவாகச் செல்லும் வண்டி பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது வாஷிங்டன் மாநிலச் சட்டம். சட்டத்துக்காக மட்டுமின்றி, அன்றாடம் அதே சாலையில் வேலைக்குப் போய்வரும் ஊர்க்காரர்களுக்காகவும் அதைச் செய்ய வேண்டும்.

ஷெல்டனிலேயே எரிபொருளை நிரப்பிக்கொள்வது நல்லது. அதன் பிறகு சிற்றூர்கள்தான். பயணத்தை இரண்டு நாளாகப் பிரிக்க விரும்புவோர் பிரின்னனில் உள்ள டோஸ்வாலிப்ஸ் மாநிலப் பூங்காவிலோ, போர்ட் டவுன்சென்டின் ஃபோர்ட் வோர்டனிலோ தங்கிக்கொண்டு, காலைப் படகைப் பிடிக்கலாம். எனக்கு இந்த ஏற்பாடே மிகவும் பிடித்தமானது. டிஸ்கவரி பேயில் 101ஐ விட்டு மாநிலச் சாலை 20இல் திரும்பினால், அது நேராகத் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

படகுக்கான வரிசையில் நின்றதும், அடுப்புக்கும் குளிர்பெட்டிக்கும் எரிவாயு தரும் புரொபேன் உருளையின் வால்வை மூடிவிடுங்கள். கடக்கும் நேரம் சுமார் 35 நிமிடம்தான். கதவைத் திறக்காமல் வைத்தால் குளிர்பெட்டியில் இருப்பது கெடாது. நீர்மட்டம் இறங்கியிருக்கும் வேளையில் ஏறுபாலம் சரிவாக இருக்கும்; பின் சக்கரத்துக்கு அப்பால் உடல் அதிகம் நீண்ட வண்டிகளின் பின்பகுதி அங்கே தரையில் உரசக்கூடும். முன்னால் செல்லும் வண்டி மேலே ஏறி முடிக்கும் வரை காத்திருந்து, நடை வேகத்தில் நிற்காமல் ஏறுங்கள். உயரமான வண்டிகளை நடுத்தடங்களுக்கு அனுப்புவார்கள். ஊழியரின் கையைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டாம். நின்றபின் கை பிரேக்கைப் போட்டு, எஞ்சினையும் திருட்டு எச்சரிக்கை மணியையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் படகின் ஆட்டத்தில் மணி அலறத் தொடங்கும்.

கூப்வில் பக்கத்துத் துறைமுகம் குறுகலானது, ஆழம் குறைந்தது. வெளியே உள்ள அட்மிரால்டி நீரிணையில் நீரோட்டமும் கடுமையானது. அதனால் நீர்மட்டம் மிகவும் இறங்கும் நாட்களிலும், குளிர்காலப் புயல்களின்போதும் படகுகள் ரத்தாகும். நீர்மட்டத்தால் ரத்தாகும் படகுகளைக் கால அட்டவணையிலேயே குறித்திருப்பார்கள். பதிவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். புயலால் நின்றுவிட்டால், தெற்கே வந்து மாநிலச் சாலை 104இல் ஹூட் கனால் மிதவைப் பாலத்தைக் கடந்து, கிங்ஸ்டனில் எட்மண்ட்ஸ் படகைப் பிடிப்பதே மாற்று வழி. 1961இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் மேற்குப் பாதி 1979 பிப்ரவரிப் புயலில் மூழ்கியது; பலத்த காற்றில் இன்றும் அதை மூடிவிடுகிறார்கள். பெயின்பிரிட்ஜ் படகில் மட்டும் ஏற வேண்டாம். அது சியாட்டிலின் நட்டநடுவில் இறக்கிவிடும்.

தீவில் இறங்கியபின் அதே சாலை 20 ஓக் ஹார்பர் வழியாக வடக்கே செல்கிறது. அங்கே கடற்படை விமானதளம் இருப்பதால், பணிநேரம் முடியும் மாலையில் சற்று நெரியும். அடுத்து வருவது டிசெப்ஷன் பாஸ் பாலம். 1935இல் கட்டி முடிக்கப்பட்ட இது நீரிலிருந்து சுமார் 180 அடி உயரத்தில் நிற்கிறது. இரண்டே குறுகிய தடங்கள். எதிரே இன்னோர் ஆர்.வி. வந்தால் இரண்டின் பக்கக் கண்ணாடிகளும் நெருங்கிக் கடக்கும். பாலத்தின் மேல் காட்சியைப் பார்த்துக்கொண்டு ஓட்டாதீர்கள். மாநிலப் பூங்காவின் பெரிய நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்துபோய்ப் பார்க்கலாம். பாலத்தைத் தாண்டியதும் கிழக்கே திரும்பும் சாலை 20 பர்லிங்டனில் ஐ-5ஐத் தொடும்.

அங்கிருந்து பெல்லிங்ஹாமுக்குக் கடலோரமாகச் செல்லும் சக்கநட் டிரைவ் அழகானது என்று பலரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் சரிவுமாக வளைந்து செல்லும் அந்தச் சாலை காருக்குரியது. நீளமான ஆர்.வி.யை அங்கே கொண்டுபோகாமல் ஐ-5இலேயே தொடருங்கள்.