டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

மும்பையில் இருக்கும் மகளுக்கு மாதம் தவறாமல் பார்சல் கட்டுகிறவள் நான். போன ஆடியில் ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில், ‘கருப்பட்டி அல்வா’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த டப்பா வாங்கினேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு பின்பக்கம் பார்த்தால், சேர்மானங்களில் முதல் பெயர் சீனி. கருப்பட்டி கடைசிக்கு முந்தைய இடத்தில்! எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. கடைக்காரர் மறைக்கவில்லை; படிக்காமல் வாங்கியது நான்தான்.

ஆகவே, காசு கொடுக்கும் முன் டப்பாவைத் திருப்புங்கள். தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், வரிகள் உட்பட அதிகபட்ச விலை, புகாருக்கான தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும். பொட்டலப் பொருட்களுக்கான 2011 விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. தின்பண்டம் என்றால் 14 இலக்க உணவு உரிம எண்ணும் வேண்டும்.

விலையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நகத்தால் மெதுவாகக் கிளப்புங்கள். வேறொரு கடையில் மேலே 210, அடியில் 180. விலையைக் குறைப்பதற்கு மட்டுமே ஸ்டிக்கர் ஒட்டலாம். அப்போதும் பழைய விலையை மறைக்கக் கூடாது.

சூடாக நிறுத்து வாங்குவதில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். அட்டை டப்பாவோடு சேர்த்தே தராசில் வைத்துவிடுவார்கள். டப்பா 45 கிராம் இருந்தால், கிலோ 400 ரூபாய் அல்வாவில் 18 ரூபாய் அட்டைக்குப் போகிறது. “அண்ணாச்சி, வெறும் டப்பாவை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு நிறுங்கள்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நெய் வழியும் டப்பாவைக் கட்டி முடித்த பிறகு சொன்னால் அவருக்கும் எரிச்சல், நமக்கும் சங்கடம். தட்டில் குவித்து வைத்திருக்கும் இனிப்புகளுக்கும் எந்தத் தேதி வரை நன்றாக இருக்கும் என்று எழுதி வைக்க வேண்டும். பால் இனிப்பு என்றால் கட்டாயம் பாருங்கள்.

இணையத்தில் வாங்கினால், விற்பவரின் பெயரும் முகவரியும் மட்டும் போதாது; டப்பாவில் இருக்க வேண்டிய தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, புகார் எண் எல்லாம் அந்தப் பக்கத்திலேயே தெரிய வேண்டும். தயாரித்த மாதமும் ஆண்டும் மட்டும் அங்கே கட்டாயமில்லை.

குறை இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். ரசீதையும் டப்பாவையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள். அந்த 210 ரூபாய் டப்பாவை ஆத்திரத்தில் குப்பை வண்டியில் போட்டுவிட்டு, மறுநாள் காலை புகார் எண்ணைத் தேடியவள் நான்.