ஜிக் விழும்போது தூண்டில் நரம்பைப் பாருங்கள்

கனடாவின் வான்கூவர் தீவின் மேற்குக் கரையில், யூக்லூலெட்டிலிருந்து படகெடுத்துப் போவேன். சால்மன், ஹாலிபட் மீன்களைப் பிடிக்க எனக்கு இரை வேண்டாம், உலோக ஜிக் போதும்; சின்ன மீன்போல் ஆடும், கொக்கி மாட்டிய உலோகத் துண்டு அது.

சால்மனுக்கு 2 முதல் 4 அவுன்ஸ் ஜிக். கடையில் மூன்று முனைக் கொக்கியோடு கொடுத்தால் கழற்றிவிட்டு ஒற்றைக் கொக்கி மாட்டுங்கள். நுனிக்குப் பின்னால் இருக்கும் சின்ன முள்ளைக் குறடால் நசுக்கிவிட வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் சால்மனுக்கு இது சட்டம். பறவைகள் ஓரிடத்தில் முங்கி முங்கி எழுந்தால் அடியில் சால்மன் தின்னும் ஹெர்ரிங் என்ற சின்ன மீன்களின் கூட்டம் இருக்கிறது. இன்ஜினை முன்னாலேயே அணைத்துவிட்டு, அந்தக் கூட்டத்தின் ஓரத்துக்கு மிதந்து போங்கள்.

சரி, எப்படி ஆட்டுவது? கோலை மூன்றடி உயர்த்துங்கள், அப்புறம் ஜிக் இறங்கும் வேகத்திலேயே தாழ்த்துங்கள். சட்டென்று தாழ்த்தினால் நரம்பு தொய்ந்துவிடும். இறுக்கிப் பிடித்தால் ஜிக் ஈயக்குண்டு மாதிரி நேராக இறங்கும். இரண்டுக்கும் நடுவில் விட்டால்தான் அடிபட்ட ஹெர்ரிங்போல் பக்கவாட்டில் துடித்துச் சரியும். சால்மன் பெரும்பாலும் அப்போதுதான் கவ்வும். சுண்டி இழுக்கும் என்று காத்திருக்காதீர்கள். இறங்கிக்கொண்டிருக்கும் நரம்பு பாதியில் நின்று தளரும், அவ்வளவுதான். முதல் கோடையில் இது தெரியாமல், அலைதான் படகைத் தூக்குகிறது என்று நினைத்து எத்தனை மீனை விட்டேனோ! நரம்பு நின்றால் கோலைத் தூக்குங்கள், வேகமாகச் சுற்றுங்கள். மேல்நோக்கியே ஓடிவரும் மீனும் உண்டு.

ஹாலிபட் தரையில் கிடக்கும் மீன். மணலும் சரளையும் கலந்த மேட்டின் விளிம்பைத் தேடுங்கள். முப்பது பாகம், அதாவது சுமார் 180 அடி ஆழத்துக்கு 8 முதல் 16 அவுன்ஸ் ஜிக் வேண்டும். நைலான் இந்த ஆழத்தில் ரப்பர்போல் நீளும், கடி கைக்கு வராது; பின்னல் நரம்பே போடுங்கள். நீரோட்டம் அடங்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள், ஓட்டம் பலமாக இருந்தால் ஜிக் தரையைத் தொடவே தொடாது. தொட்டதும் இரண்டு மூன்றடி தூக்கி, 'தொப்'பென்று விடுங்கள். அந்தச் சத்தமும் கிளம்பும் மணலும்தான் அதை வரவழைக்கும். கோல் கனத்தால் நிதானமாகச் சுற்றுங்கள், அவசரமே வேண்டாம்.

ராக்ஃபிஷ் என்ற பாறையோர மீன் மாட்டி, அதை வைத்துக்கொள்ளப் போவதில்லை என்றால், வந்த ஆழத்துக்கே இறக்கிவிடும் கருவி படகில் இருக்கவேண்டும். மேலேயே விட்டால் காற்றுப்பை ஊதி மிதந்தே செத்துப்போகும். எந்த மீனை எந்த அளவில், எத்தனை பிடிக்கலாம் என்ற விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

ஹாலிபட் படகோரம் வந்ததும் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்காதீர்கள். அதுவரை பலகைபோல் வந்த மீன் தலை வெளியே வந்ததும் வெறிபிடித்ததுபோல் அடிக்கும். ஈட்டியும் கயிறும் கையில் தயாரான பிறகு தொடுங்கள். பெரிய மீனென்றால் வெளியிலேயே செவுளை வெட்டி, ரத்தம் வடிந்து அடங்கட்டும்; அப்புறம் உள்ளே ஏற்றுங்கள்.