பிரிசிங்க்ட் வாரியான தேர்தல் முடிவுகளை வரைபடமாக்குவது எப்படி? (வட கரோலினா, வேக் கவுண்டி)

கட்சி ஆதாயத்துக்காகத் தொகுதி எல்லைகளை வளைத்தால் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தலையிட முடியாது என்று 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்புக்கு வந்த வழக்குகளில் ஒன்று வட கரோலினாவினுடையது. ஆகவே கோடு யாருக்குச் சாதகம் என்று யார் வேண்டுமானாலும் சரிபார்க்கும் வரைபடம் அங்கே மிகவும் தேவை. பிரிசிங்க்ட் என்பது ஒரே வாக்குச்சாவடிக்கு உட்பட்ட சிறு பகுதி; கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி.

1. மாநிலத் தேர்தல் வாரியத்தின் தளத்தில் முடிவுக் கோப்பும் பிரிசிங்க்ட் எல்லைகளின் ஷேப்ஃபைலும் (வரைபடக் கோப்பு) இலவசமாகக் கிடைக்கும். எல்லைகள் அடிக்கடி மாறுவதால் இரண்டும் ஒரே தேர்தலுக்கானவையா என்று பாருங்கள். ஆளுநர் தேர்தல் மாதிரி மாநிலம் முழுக்க நடந்த போட்டியையே எடுங்கள். எதிர்ப்பே இல்லாமல் ஜெயித்த இடங்கள் கட்சி பலத்தைக் காட்டாது.

2. கோப்பை எக்செலில் அப்படியே திறக்காதீர்கள். வேக் கவுண்டியின் பிரிசிங்க்ட் குறியீடுகள் 01-02 என்ற வடிவில் இருக்கும். எக்செல் அதை ஜனவரி 2 ஆக்கிவிடும். சேமித்துவிட்டால் பழைய குறியீடு திரும்பாது. கியூஜிஐஎஸ் (QGIS) என்ற இலவச வரைபட மென்பொருளில் டெலிமிட்டட் டெக்ஸ்ட் லேயராக, டேப் பிரிப்புடன், எல்லாப் புலங்களையும் எழுத்தாகவே ஏற்றுங்கள். வாக்கு எண்ணிக்கையைப் பிறகு எண்ணாக மாற்றிக்கொள்ளலாம்.

3. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனி வரிசை இருக்கும். அப்படியே எல்லைக் கோப்போடு ஜாயின் செய்தால் (குறியீட்டை வைத்து இணைத்தால்) ஏதோ ஒரு வரிசை மட்டும் ஒட்டிக்கொள்ளும், எச்சரிக்கை எதுவும் வராது. முதலில் பிரிசிங்க்ட்டுக்கு ஒரே வரிசை, கட்சிக்கு ஒரு பத்தி என்று சுருக்குங்கள்.

4. ‘ரியல் பிரிசிங்க்ட்’ பத்தியில் ‘என்’ (N, அதாவது ‘இல்லை’) என்றிருக்கும் வரிசைகள்தான் பலர் வழுக்கும் இடம். குறிப்பிட்ட பிரிசிங்க்ட்டில் சேர்க்காமல் எண்ணிய தபால், முன்கூட்டிய வாக்குகள் அவற்றில் இருக்கும். முன்கூட்டி வாக்களிப்பவர்களும் தேர்தல் நாளில் வருபவர்களும் ஒரே விகிதத்தில் வாக்களிப்பதில்லை. அவற்றை நீக்கினால் படம் ஒரு பக்கம் சாயும். அந்தந்தப் பிரிசிங்க்ட்டுக்குப் பிரித்த கோப்பை வாரியம் தனியே வெளியிட்டிருந்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால், ஒவ்வொரு வேட்பாளரின் தேர்தல் நாள் வாக்கு விகிதப்படி பகிர்ந்து, இது மதிப்பீடு என்று படத்திலேயே எழுதுங்கள்.

5. ஒரே குறியீடு வேறு கவுண்டியிலும் வரலாம். மாநிலம் முழுவதையும் வரைந்தால் கவுண்டியையும் குறியீட்டையும் சேர்த்தே ஜாயின் செய்யுங்கள். பிறகு வேட்பாளர் வாரியாகக் கூட்டி அதிகாரபூர்வ மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு வாக்கு இடித்தாலும் காரணம் தெரியும்வரை நிறம் பூசாதீர்கள்.

6. வாக்கு வித்தியாசத்தைச் சதவீதமாக, பூஜ்யத்தை நடுவில் வைத்து, இரு நிறங்களில் காட்டுங்கள்.

7. முன்மொழியப்பட்ட தொகுதிக் கோட்டை மேலே போடுங்கள். கோடு ஒரு பிரிசிங்க்ட்டை வெட்டினால் வாக்குகளைப் பரப்பளவுப்படி பிரிக்காதீர்கள். ஏரிக்கும் காட்டுக்கும் வாக்கு போய்விடும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பிளாக் (கணக்கெடுப்பின் மிகச் சிறிய நிலப்பகுதி) அளவில், 18 வயது நிறைந்தவர்களின் எண்ணிக்கைப்படி பிரியுங்கள்.