ஏற்றத்தில் திணறிய பழைய கார்

கார் ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, சீராக ஓடும். பெங்களூரு ஹெப்பாள் மேம்பாலத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மட்டும் திணறி, இழுவை போய்விடும். 2006 மாடல் பெட்ரோல் கார். செக் என்ஜின் விளக்கு எரியவில்லை, பிளக்கெல்லாம் புதுசு. ஒரு இடத்தில், என்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை மாற்றச் சொன்னார்கள். விலையைக் கேட்டதும் தலை சுற்றியது.

அல்சூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நம்ம ஊர் அண்ணன், "அதெல்லாம் அப்புறம் தம்பி, முதல்ல பிரஷரைப் பார்ப்போம்" என்று பெட்ரோல் போகும் ஃப்யூயல் லைனில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டினார். ஐடிலில் 3 பார், சரி. கேஜை முன்கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டி ஏற்றத்தில் ஓட்டினால், முள் 2-க்குக் கீழே இறங்கியது. ஐடிலுக்குக் கொஞ்சம் பெட்ரோல் போதும். என்ஜினுக்குச் சுமை ஏறி நிறையப் பெட்ரோல் தேவைப்படும்போதுதான் அடைப்பு தன் வேலையைக் காட்டும். டேங்குக்குள் பம்பின் அடியில் இருக்கும் சல்லடை வண்டல் பிடித்துக் கறுத்திருந்தது. ஜே.சி. ரோட்டில் சல்லடையும் ஃபில்டரும் வாங்கி மாற்றியதும் திணறல் போனது. டேங்கையும் கழுவிவிட்டோம்; வண்டலை அப்படியே விட்டால் புதுச் சல்லடையும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.