மாருதி 800: சிலிண்டர் போர் (bore) பெரிதாக்கும் முன்

பழைய மாருதி 800-இன் போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 68.5 மி.மீ.; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம், 72 மி.மீ. மூன்று சிலிண்டரும் சேர்ந்து 796 சிசி. துளையைக் கடைந்து, 0.50 மி.மீ. பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாலும் 808 சிசிதான். அந்தப் பன்னிரண்டு சிசியை நம்பாதீர்கள். தேய்ந்த சிலிண்டர் மறுபடி கம்ப்ரஷன் (உள்ளே அழுத்தம்) பிடிப்பதே உண்மையான லாபம்.

பெங்களூரில் உதிரிபாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டில் முதலில் பிஸ்டன் செட்டை வாங்கி, பிளாக்கோடு (சிலிண்டர்கள் உள்ள இன்ஜின் உடல்) சேர்த்தே போரிங் கடையில் கொடுங்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்ப அதன் சிலிண்டரைக் கடைய வேண்டும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி குறைந்தால் சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூடினால் தட்டல் சத்தம். ஹோனிங்கில் (கடைந்த சுவரைக் கல்லால் தேய்ப்பது) குறுக்குக்கோடு சரியாக விழாவிட்டால் பிஸ்டன் ரிங் உட்காராது, வண்டி ஆயில் குடிக்கும்.

பிளாக்கை வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, துரு ஏறுமுன் ஆயில் தடவுங்கள். மண்ணெண்ணெய் மட்டும் போதாது. ஹோனிங் துகள் அப்படியே தங்கிவிடும்.