ஸ்லோவில் நிற்காத பழைய கார்: முதலில் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள்

போன மாதம் மேலூர்ப் பக்கமிருந்து ஒரு மாருதி 800 எங்கள் பட்டறைக்கு வந்தது. 1998 வண்டி, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) மாடல், கேஸும் போட்டிருந்தது. சிக்னலில் நின்றால் எஞ்சின் ஆடுகிறது, கொஞ்ச நேரத்தில் ஆஃப் ஆகிவிடுகிறது. பானட்டைத் தூக்கியதுமே புதிதாகச் சேர்ந்த தம்பி ஸ்க்ரூடிரைவரோடு கார்புரேட்டர் பக்கம் குனிந்துவிட்டான். "வண்டிக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாப்பா?" என்றேன். "ஸ்லோ கம்மியா இருக்குண்ணே, ஏத்தி வச்சாச் சரியாயிரும்" என்றான். ஸ்லோ, அதாவது ஐடிலிங் என்பது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பேட்டரி டெர்மினல் தளர்வு, ஏர் ஃபில்டர் அடைப்பு, கறுத்த பிளக் இதையெல்லாம் யாரும் பார்ப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். மற்றபடி நாம் செய்யும் தவறுகள் இவை.

எப்போது ஆடுகிறது என்று கேட்காமல் தொடங்குவது

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆடி, சூடானதும் சரியாகிவிட்டால் சோக்கையும் (குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தருவது), எம்.பி.எஃப்.ஐ. வண்டி (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சுவது) என்றால் எஞ்சின் சூட்டை அளக்கும் கூலன்ட் சென்சாரையும் பாருங்கள். ஏ.சி. போட்டால் மட்டும் ஆஃப் ஆனால் ஏ.சி. சுமைக்கு ஈடாக ஸ்லோவை ஏற்றித் தரும் ஐடில்-அப் வேலை செய்கிறதா என்று பாருங்கள். காலையில் நன்றாக இருந்து, சூடான பிறகு ஆடினால் அது வேறு கதை.

மேலூர்க்காரர் சொன்னது இதுதான்: "காலையில ஒண்ணும் இல்லண்ணே, ஒத்தக்கடை தாண்டுனதும்தான் ஆரம்பிக்குது." டேப்பட் (வால்வைத் தட்டித் திறக்கும் பாகம்) கவரைத் திறந்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்தால், எக்ஸாஸ்ட் வால்வு ஒன்றில் இடைவெளியே இல்லை. கேஸில் ஓடும் பழைய எஞ்சினில் வால்வு உட்காரும் சீட் தேயும். தேயத் தேய வால்வு மேலே ஏறி டேப்பட் இடைவெளியைத் தின்றுவிடும். சூட்டில் வால்வு முழுதாக மூடாது. அந்த சிலிண்டரில் கம்ப்ரஷன், அதாவது கலவையை இறுக்கும் அழுத்தம், நிற்காது. டேப்பட் சத்தம் போட்டால் எல்லோரும் பதறுகிறார்கள். சத்தமே போடாமல் இறுகிப்போன டேப்பட்தான் வால்வைக் கருக்கும். கம்ப்ரஷனும் டேப்பட்டும் பார்க்காமல் டியூனிங்கில் இறங்காதீர்கள்.

ஸ்க்ரூவைத் திருகி ஏர் லீக்கை மறைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. முதல் கோபம் என் மேல்தான்.

2001ஆம் ஆண்டு. தனியாகப் பட்டறை போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. திருமங்கலத்திலிருந்து ஒரு வாத்தியார் 1996 மாடல் ஜென் கொண்டுவந்தார். ஓட்டத்தில் குறையே இல்லை. மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் நின்றால் நடுங்கும், ஆஃப் ஆகும். ஸ்லோவை ஏற்றினேன், பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் ஸ்க்ரூவைத் திறந்துவிட்டேன். எஞ்சின் அடங்கியது. வாத்தியார் சந்தோஷமாகக் கிளம்பினார். பத்தே நாளில் திரும்பி வந்தார். ஆட்டமும் வந்துவிட்டது, பெட்ரோலும் கூடக் குடிக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். கிட் மாற்றினேன். பிளக், வயர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப் எல்லாம் புதிது. கடைசியில் கார்புரேட்டரையே புதிதாக வாங்க வைத்தேன். மறு வாரம், மகளைப் பரீட்சைக்கு அழைத்துப் போகும்போது ஏ.வி. பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தொழில் நன்றாகத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் வண்டியை ஓட்டிப் போனேன். அவர் ஸ்க்ரூடிரைவரைத் தொடவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, பிரேக் பூஸ்டருக்கு (பிரேக் மிதியை லேசாக்கும் பாகம்) போகும் ஓஸை, மேனிபோல்டை (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) ஒட்டி இடுக்கியால் அமுக்கினார். எஞ்சின் உடனே மாறியது. பூஸ்டர் பக்க முனையில், கிளிப்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத கீழ்ப்புறத்தில் ஒரு வெடிப்பு. ஒரு முழ ரப்பர் ஓஸ்தான் செலவு.

ஏன் இப்படி ஆகிறது? ஸ்லோவில் த்ராட்டில், அதாவது ஆக்சிலேட்டரோடு திறந்து மூடும் காற்றுக் கதவு, கிட்டத்தட்ட மூடியிருக்கும். நல்ல எஞ்சினில் அப்போது மேனிபோல்டுக்குள் பாதரச அளவில் 18 முதல் 20 அங்குல வேக்கூம், அதாவது உறிஞ்சும் இழுப்பு, இருக்கும். எங்கே ஓட்டை கிடைத்தாலும் காற்றை உறிஞ்சும். எஞ்சின் அந்நேரம் எடுப்பதே கொஞ்சம் காற்றுதான், அதில் திருட்டுக் காற்றும் சேர்ந்தால் பெட்ரோல் பங்கு குறைந்து கலவை வெளிறிப்போகும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் உள்ளே போகும் காற்று பல மடங்காகி, அந்த ஓட்டை ஒரு பொருட்டே இல்லாமல் போய்விடும். ஸ்லோவில் ஆட்டம், ஓட்டத்தில் சுத்தம் என்றால் சந்தேகம் முதலில் ஏர் லீக் மேல் போக வேண்டும்.

மிக்ஸரைத் திறந்தால் லீக்குக்கு ஈடாகப் பெட்ரோல் சேரும், எஞ்சினும் அடங்கும். ஆனால் லீக்கை ஒட்டிய சிலிண்டர் காய்ந்தே இருக்கும், மற்றவை பெட்ரோலில் குளிக்கும். வாத்தியார் வண்டியில் பிளக்குகளைக் கழற்றியபோது ஒன்று வெளுத்து, மூன்று கறுத்து இருந்தன. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசையிலேயே வையுங்கள். பாதி விடை அங்கே இருக்கும்.

அப்புறம், லீக் தேடுகிறேன் என்று சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சாதீர்கள், தீப்பிடிக்கும். கார்புரேட்டர் அடி கேஸ்கட், மேனிபோல்டு கேஸ்கட் ஓரங்களில் தண்ணீரை மெல்லிய தூவலாக அடித்தாலே போதும், லீக் உள்ள இடத்தில் எஞ்சின் சத்தம் மாறும். ஒரு முழம் ரப்பர் குழாயைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு ஓஸ் ஓரமாகவும் நகர்த்தினால் சீறல் கேட்கும். ஃபேன், பெல்ட் பக்கம் மட்டும் போகாதீர்கள். பூஸ்டரைச் சோதிக்க, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஆபத்து ஐடிலிங்கோடு நிற்கவில்லை, பிரேக்கிலும் இருக்கிறது.

எம்.பி.எஃப்.ஐ. மாருதியில் இதே லீக் வேறு மாதிரிக் காட்டும். மேனிபோல்டு அழுத்தத்தை அளக்கும் சென்சார் அந்தக் காற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்வதால், எஞ்சின் ஆஃப் ஆவதைவிட ஸ்லோ ஏறி ஏறி இறங்கும்.

எத்தனை சுற்று என்று எண்ணாமல் மிக்ஸர் ஸ்க்ரூவைக் கழற்றுவது

மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வைத்துவிட்டு அப்புறம் கழற்றுங்கள். எஞ்சின் ஓடும்போது முழுக்க உள்ளே திருகியும் அது நிற்கவில்லை என்றால், ஸ்லோ வழியாகப் பெட்ரோலே வரவில்லை அல்லது த்ராட்டில் அளவுக்கு மேல் திறந்திருக்கிறது. ஸ்லோ வழியை அடைக்கும் சின்ன சொலினாய்டு (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) உள்ள கார்புரேட்டர் என்றால், சாவி போட்டு அதன் வயரைப் பிடுங்கிச் செருகினால் 'டிக்' என்று கேட்க வேண்டும்.

எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் த்ராட்டில் எவ்வளவு மூட வேண்டும் என்று நிறுத்தும் ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடுவது

தொடாதீர்கள். த்ராட்டில் பாடியையும் ஐடில் வால்வையும் கரி போகக் கழுவுங்கள்.

ஒரே நாளில் மூன்று சாமான் மாற்றுவது

எது சரிசெய்தது என்று கடைசி வரை தெரியாது.

பிளக் வயரைப் பிடுங்கி அந்தரத்தில் விடுவது

எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று பார்ப்பது நல்ல சோதனைதான். ஆனால் எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியில் ஸ்பார்க் போக வழியில்லாமல் விட்டால் காயிலோ மாட்யூலோ போய்விடும். வேறொரு பிளக்கைச் செருகி எஞ்சின் இரும்போடு எர்த் சேர்த்து வையுங்கள். எம்.பி.எஃப்.ஐ. என்றால் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள்.

வெயிலைக் கணக்கில் எடுக்காதது

சித்திரை மாதக் கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து போகும் கார்புரேட்டர் வண்டி திடீரென்று நிற்கும். அரை மணி ஆறினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் லைனுக்குள்ளேயே கொதித்து ஆவியாகிவிடுகிறது. பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டதும் ஸ்டார்ட் ஆனால் அதுதான் காரணம். பம்பை மாற்ற ஓடாமல், லைன் எக்ஸாஸ்டை ஒட்டிப் போகிறதா, வெப்பத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்ரோல் மாறியதை மறப்பது

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய வண்டியின் ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதில்லை. பெட்ரோல் ஓஸையெல்லாம் கையால் வளைத்துப் பாருங்கள், உப்பியிருந்தாலும் வெடிப்பு தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். இன்னொன்று, ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கார்புரேட்டரின் பழைய ஜெட்டில் (பெட்ரோல் வரும் சிறு துளை) கலவை கொஞ்சம் வெளிறத்தான் செய்யும். ஆகவே கம்ப்ரஷன், டேப்பட் பார்த்து, லீக் எங்கும் இல்லை என்று உறுதியான பிறகு மிக்ஸர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திறப்பதில் தவறில்லை. ஸ்க்ரூடிரைவரை அப்போது எடுங்கள்.